எழுத வருகிறது, வாசிக்க வரவில்லை: ஒரு பத்திர எழுத்தரின் மகளுக்கு

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், முக்கியமானதை மட்டும் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 56 வயது. முப்பது வருஷமாகப் பத்திர எழுத்தர். தை மாசம் ஒரு நாள் காலையில் டீயும் பேப்பருமாகத் திண்ணையில் உட்கார்ந்தவர், "என்னம்மா இது, மலையாளப் பேப்பரப் போட்டுட்டுப் போயிட்டானா?" என்று கேட்டிருக்கிறார். தினமும் வருகிற தமிழ்ப் பேப்பர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் போய் நின்று பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. கண்ணில் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டார்கள். அப்புறம் தலைவலி தாங்காமல் போய் ஸ்கேன் எடுத்ததில், மூளையின் இடது பக்கம் பின்புறத்தில் பக்கவாதம் என்று தெரிந்திருக்கிறது. கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, பேச்சு முன்பு போலவே தெளிவு. எழுதச் சொன்னால் அதே பழைய கையெழுத்தில் கிரையப் பத்திரமே எழுதிவிடுகிறார். ஆனால் தான் எழுதியதை மறுநாள் அவருக்கே வாசிக்கத் தெரியவில்லை. சர்வே நம்பரை மட்டும் சரியாகச் சொல்கிறார்.

போன இடத்தில் "உயிர் தப்பியதே பெரிசு, படிப்பெல்லாம் இனி வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சித்தப்பா ஒருவர், "எழுதுறவனுக்கு வாசிக்க வராதா? ஏதோ பத்திரத்துல மாட்டிக்கிட்டு நடிக்கிறான்" என்கிறாராம். கண்ணாடி இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி வந்து சாயங்காலம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வாசிக்கச் சொன்னால், ஒரு வாரம் பொறுத்துக்கொண்டிருந்தவர் எட்டாம் நாள் புத்தகத்தை முற்றத்தில் எறிந்துவிட்டார். இப்போது ஐந்து மாசம் ஆகிறது. மூளைக்கு என்று ஒரு டானிக் வாங்கச் சொல்கிறார்களாம். அப்பா மொபெட்டை எடுக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். இவர் நடிக்கிறாரா, வாசிப்பு திரும்பி வருமா, அ ஆ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? இதுதான் அந்தத் தங்கையின் கேள்வி.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பா நடிக்கவில்லை, தங்கச்சி. சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். எழுத வந்து, வாசிக்க மட்டும் வராமல் போகிற நிலை ஒன்று உண்டு, அதற்குப் பெயரும் உண்டு, 130 வருஷத்துக்கு மேலாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம் அது. 1892-ல் டெஜெரின் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாரிஸில் இப்படி ஒருவரைப் பற்றி எழுதினார். நன்றாகப் படித்தவர், ஒரு நாள் திடீரென்று ஓர் எழுத்தும் வாசிக்க வரவில்லை. எழுதச் சொன்னால் எழுதினார், எழுதியதை வாசிக்க முடியவில்லை. எண்களை வாசித்தார், கணக்குப் போட்டார். கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நினைத்து அவரும் முதலில் கண் மருத்துவரிடம்தான் போனார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கனடாவில் ஹோவர்ட் எங்கெல் என்று ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர். 2001-ல் ஒரு காலையில் பேப்பரை எடுத்தால் ஏதோ கிழக்கு ஐரோப்பிய மொழியில் அச்சடித்த மாதிரி தெரிந்தது. அவருக்கும் பக்கவாதம், அவருக்கும் எழுத வந்தது, வாசிக்க வரவில்லை. உங்கள் அப்பாவுக்கு மலையாளம், அவருக்கு வேறொரு பாஷை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மனிதர் அதற்கப்புறமும் நாவல் எழுதி வெளியிட்டார். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன், அதில்தான் அப்பாவுக்கான வழியும் இருக்கிறது.

மூளைக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நம்ம ஊர்க்கணக்கில் சொன்னால் புரியும். வைகைக்குத் தென்கரையில் சிம்மக்கல், வடகரையில் கோரிப்பாளையம், நடுவில் பாலம். எழுத்தைச் சொல்லாக மாற்றுகிற ஆபீஸ் பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையில்தான் இருக்கிறது, அதைத் தென்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது மூளை வடகரை, இரண்டையும் இணைக்கிற நரம்புக் கட்டுதான் பாலம். நமக்கு எதிரே இருப்பதில் வலது பாதியை இடது மூளையும், இடது பாதியை வலது மூளையும் பார்க்கின்றன. அப்பாவுக்கு அடி விழுந்தது இடது மூளையின் பின்பகுதி, பார்வைக்கான இடம். ஆகவே வலது பாதிப் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. இடது பாதியில் தெரிகிற எழுத்து வடகரைக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. ஆனால் அங்கிருந்து பாலத்தைத் தாண்டித் தென்கரை ஆபீசுக்குப் போக வேண்டும், அந்தப் பாலத்தின் பின்பகுதியும் அதே அடியில் உடைந்திருக்கும். ஆபீஸ் இருக்கிறது, ஆட்களும் வேலை செய்கிறார்கள். அதனால்தான் பேசுகிறார், எழுதுகிறார். கண்ணிலிருந்து போகிற தபால் மட்டும் போய்ச் சேரவில்லை.

பாலத்தை அடைத்தால் நாம் என்ன செய்வோம்? அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு எல்லோரும் சுற்றிக்கொண்டுதானே போகிறோம். மூளையிலும் அப்படி ஒரு சுற்றுவழி உண்டு. அது கை வழி.

அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. அப்பா வலது பக்கம் நிலைக்கதவில் இடித்துக்கொள்கிறார், வலது பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரி. வலது பாதிப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ஃபீல்டு டெஸ்ட் என்பார்கள், ஒவ்வொரு கண்ணாக ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி, அங்கங்கே மின்னுகிற புள்ளி தெரிகிறதா என்று பட்டனை அழுத்தச் சொல்வார்கள், வலியெல்லாம் கிடையாது. அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் செய்யலாம். கண்ணாடிப் பவரை மட்டும் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் கோளாறு கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றாவது கண்ணாடி வாங்காதீர்கள். அந்தப் பரிசோதனை முடிகிறவரை, அப்புறமும் மருத்துவர் சரி என்று சொல்கிறவரை, மொபெட் சாவி உங்களிடமே இருக்கட்டும். வலது பக்கமிருந்து வருகிற லாரி அவருக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாத பாதி இருட்டாகத் தெரிவதில்லை, அது இல்லவே இல்லாத மாதிரி இருக்கும். கோபப்படுவார், பரவாயில்லை.

இரண்டாவது, மறுபடியும் ஒரு பக்கவாதம் வராமல் பார்ப்பது. பிபி, சுகர், மாத்திரை எல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவர் சொன்னபடி. நான் அதில் தலையிட மாட்டேன், ஒன்றைத் தவிர. மாத்திரை அட்டையில் இருக்கிற பெயரை அப்பாவால் இப்போது வாசிக்க முடியாது! இதை வீட்டில் யாரும் யோசிப்பதே இல்லை. காலை, மதியம், இரவு என்று மூன்று டப்பா வைத்து, தினமும் நீங்களே எடுத்துப் போடுங்கள். டப்பாவைக் கலரை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள். இதே இடத்தில் அடிபட்டவர்களில் சிலருக்குக் கலரின் பெயர் மாறிப்போகும். ஒரு நாள் அவர் பச்சைச் சட்டையை நீலம் என்று சொன்னால் பயந்துவிட வேண்டாம், இதுவும் அந்தப் பாலத்தோடு சேர்ந்த விஷயம்தான், மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். டப்பாவை வைக்கிற இடத்தை மாற்றாமல் இருந்தாலே போதும்.

சரி, இனி வாசிப்பு.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக மதுரையில் ஸ்பீச் தெரபி பார்க்கிறேன். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர் வந்தார், உங்கள் அப்பா மாதிரியே. ஒரு அட்டையில் 'வெங்காயம்' என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார், தலையை ஆட்டினார். தினமும் ஐம்பது தடவை எழுதின சொல். அவர் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து அட்டையில் இருந்த முதல் எழுத்தின் மேலேயே மெதுவாக ஓட்டினேன். முதலில் கொம்பு. அப்புறம் 'வ'-வின் வளைவு, கோடு. உதடு லேசாக அசைந்தது. "வெ" என்றார். அடுத்த எழுத்துக்கு விரலை நான் பிடிக்கவே இல்லை, அவரே ஓட்டினார். 'ங்' வந்ததும் நின்றார், இரண்டு தடவை முதலிலிருந்து வந்தார், 'கா' என்று கால் போட்டு முடித்ததும் அடுத்த எழுத்துக்குப் போகாமலே "வெங்காயம்" என்று சொல்லிவிட்டு விரலை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த அவர் சம்சாரம் அழுதுவிட்டார். கண்ணால் முடியாததைக் கை வாசித்துவிட்டது, ஏனென்றால் கைக்கு எழுத்தின் வடிவம் ஐம்பது வருஷமாகத் தெரியும், கையின் ஞாபகம் போகிற பாதை வேறு, அது உடையவில்லை.

கனடாக்காரர் செய்ததும் இதேதான். அவர் விரலுக்குப் பதில் நாக்கை வைத்துக்கொண்டார். வாசிக்க வேண்டிய எழுத்தை நாக்கு நுனியால் மேலண்ணத்தில் வரைந்து வரைந்து வாசிக்கப் பழகினார், யாருக்கும் தெரியாது பாருங்கள்.

ஆகவே அப்பாவுக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வேண்டாம். அவர் எழுத்தை மறக்கவில்லை, அணில், ஆடு எல்லாம் கற்றுக்கொடுக்க அவர் குழந்தையும் இல்லை. கௌரவமான மனிதர், ஊரே பத்திரம் எழுத அவரிடம் வந்தது, அவரைப் பேரன் பேத்தி முன்னால் உட்காரவைத்து 'இலை'யை வாசிக்கச் சொன்னால் புத்தகம் முற்றத்துக்குத்தான் போகும், அதில் தப்பே இல்லை. அவர் தொழில் செய்த சொற்களிலிருந்து ஆரம்பியுங்கள். மனை, கிரையம், எல்லை, வடக்கு, சொத்து, மேற்படி, ஊர்ப்பெயர்கள், அவருடைய பெயர், உங்கள் பெயர். அச்செழுத்து வேண்டாம், அவரே எழுதின எழுத்தாக இருக்கட்டும். பழைய நோட்டு இருந்தால் அதிலிருந்து எடுங்கள், ஏனென்றால் விரல் ஓடப்போவது அவர் கை ஓடின பாதையில். ஒரு அட்டைக்கு ஒரு சொல், கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்து. விரலால் எழுத்தின் மேல் ஓட்டி, எழுத்தைச் சொல்லி, கடைசியில் சொல்லைச் சொல்ல வேண்டும். விரல் தடுமாறினால் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அதில் அந்த எழுத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், விஜயதசமிக்குச் செய்வதுதான், ஆனால் அதைக் குழந்தை விளையாட்டு மாதிரி ஆக்காதீர்கள், எதற்காக என்று அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் அவர் உள்ளங்கையில் எழுதினாலும் வேலை செய்யும். ஒரு மாசம் போனால் விரல் அட்டையை விட்டுத் தொடைக்கு வரும், அப்புறம் விரல் நுனி மட்டும் அசையும், அப்புறம் அசைவது நமக்கே தெரியாது.

தமிழில் இந்த வேலைக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் போனாலே பெரும்பாலும் சொல் வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்று ஏகப்பட்ட சொற்கள், அங்கே எழுத்தெழுத்தாக வாசிக்கிறவர் திணறிப்போவார். ஆகவே இரண்டு மொழியும் தெரிந்தவருக்கும் நான் முதலில் தமிழையே எடுப்பேன். 247 எழுத்து என்று மலைக்கவும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, கு கூ வரிசை மட்டும் தனித்தனி உருவம், மற்றதெல்லாம் பெரும்பாலும் கொம்பும் காலும் சுழியும்தான்.

ஆனால் தொல்லையும் உண்டு. ஒன்றுபோல இருக்கிற எழுத்துகள் படாத பாடு படுத்தும். 'க'வும் 'சு'வும், 'ர'வும் காலும், ன, ண, ள மூன்றும், எ-ஏ, ஒ-ஓ. 'மனை' என்பதை 'மணை' என்று வாசித்தால் உடனே திருத்தாதீர்கள், விரலைத் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள், சுழி இரண்டா மூன்றா என்று விரலே சொல்லிவிடும். தானாகக் கண்டுபிடிக்கிற ஒவ்வொன்றும் நீங்கள் சொல்லிக்கொடுக்கிற பத்துக்குச் சமம். ஆனால் மூன்றாவது தடவையும் வரவில்லையென்றால் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள், நெற்றி வேர்க்க வைத்துப் பிரயோஜனமில்லை.

கால் விஷயத்தில் இன்னொன்று. வலது பாதி தெரியாதவருக்கு ஒரு சொல்லின் கடைசிதான் காணாமல் போகும். 'கடா' என்று எழுதியிருந்தால் 'கட' என்று நிறுத்திவிடுவார், 'வடக்கு எல்லை' என்றால் 'வடக்கு'. அதற்கு ஒரு எளிய வழி: பக்கத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை தடித்த சிவப்புக் கோடு ஒன்று போடுங்கள், கோட்டைத் தொடுகிறவரை வரி முடியவில்லை என்று பழக்குங்கள். வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொள்ளட்டும். சிலருக்குத் தாளையே செங்குத்தாகத் திருப்பி, மேலிருந்து கீழாக வாசிக்கச் சொன்னால் சுலபமாக வருகிறது, விசித்திரமாகத் தோன்றும், முயன்று பாருங்கள்.

எழுத்துகள் கொஞ்சம் பிடிபட்ட பிறகு, இன்னொரு பயிற்சி. மோயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-ல் எழுதியது, இன்றைக்கும் நாங்கள் செய்கிறோம். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிப்பது. ஏழெட்டு வரி, தினமும் அரைமணி நேரம், இரண்டு தவணையாக, ஒரு வாரம் முழுக்க அதே பத்தி. முதல் நாள் எத்தனை நிமிஷம் ஆனது என்று ஃபோனில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏழாம் நாளும் குறியுங்கள். அப்புறம் அவர் வாசித்தே இராத புதுப் பத்தி ஒன்றைக் கொடுத்து அதற்கும் நேரம் பாருங்கள். பழைய பத்தி வேகமாவது பெரிய விஷயமில்லை, புதுப் பத்தியும் கொஞ்சம் கொஞ்சமாக வேகமாகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். உங்கள் அப்பா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பத்திர வாசகம் அவருக்கு மனப்பாடம். "எழுதிக்கொடுத்த சுத்தக் கிரையப் பத்திரம் என்னவென்றால்" என்று ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொண்டே கடைசிவரை ஒப்பித்துவிடுவார், நீங்களும் அப்பா வாசித்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டு எனக்கு ஃபோன் போடுவீர்கள். அதனால் நடுவில் பெயரை மாற்றுங்கள், திசையை மாற்றுங்கள், தென்னை என்கிற இடத்தில் வேம்பு என்று எழுதுங்கள். மாற்றின இடத்தில் அவர் தடுக்கி நின்று, திரும்பிப் பார்த்து, சரியாகச் சொன்னால் அதுதான் வாசிப்பு.

டிவியில் செய்திச் சேனலில் கீழே எழுத்து ஓடுமே, அதையும் பயன்படுத்தலாம். வலது பாதிப் பார்வை போனவர்களுக்கு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும்போது கண் தானாக அதன் பின்னால் இழுபட்டு, வரியில் தாவிப் போகப் பழகுகிறது. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் இதை வைத்தே ஆங்கிலத்துக்கு ஒரு இலவசப் பயிற்சி இணையத்தில் போட்டார்கள். நம் சேனல்களின் வேகம் அப்பாவுக்கு ரொம்ப அதிகம். ஃபோனில் பெரிய எழுத்தை ஓடவிடுகிற ஆப்கள் இருக்கின்றன, வேகத்தைக் குறைத்து வைக்கலாம், தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று முதலில் நீங்கள் போட்டுப் பாருங்கள். ஆனால் இது இப்போது வேண்டாம். சொற்களைக் கையில்லாமல் ஓரளவு வாசிக்க ஆரம்பித்த பிறகு.

நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இருபது நிமிஷம், காலையில் குளித்துச் சாப்பிட்டு அரைமணி கழித்து, மறுபடி சாயங்காலம் தூங்கி எழுந்த பிறகு ஒரு பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். அடிபட்ட மூளை சீக்கிரம் சோர்ந்துபோகும், நேற்று வந்த சொல் இன்றைக்கு மத்தியானம் வராது, அது பின்னடைவு இல்லை, களைப்பு. டிவி ஓடக் கூடாது, அடுப்படியில் பேச்சு சத்தம் கூடாது, உட்காருவது அவரும் நீங்களும் மட்டும். அவருடைய வலது பக்கம் உட்காராதீர்கள், நீங்கள் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். இடது பக்கமோ எதிரிலோ உட்காருங்கள். வருகிற சொந்தக்காரர்களிடம் "அப்பா இப்ப இத வாசிக்கிறாரு பாருங்க" என்று அட்டையை நீட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். நான் பார்த்த வீடுகளில் பயிற்சி நின்றுபோனதற்குப் பாதிக் காரணம் இந்த அரங்கேற்றம்தான்.

மற்ற நேரத்தில் அவரை வாசிக்க வைத்தே தீர வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். ஃபோனில் எழுத்தைப் படித்துக்காட்டுகிற வசதி இருக்கிறது, கேமராவைக் காட்டினால் தமிழ் எழுத்தையும் வாசித்துச் சொல்லும், சொந்தக்காரர்களை வாட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பயன்படுத்தினால் பயிற்சி கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேப்பர் செய்தி காதில் விழுந்தால் மனிதர் தெளிவாக இருப்பார், டீக்கடையில் நாலு பேரோடு பேசுவார், மனசு விழாமல் இருக்கும், மனசு விழுந்துவிட்டால் எந்தப் பயிற்சியும் ஏறாது. மேலூர் பஸ் ஸ்டாண்டிலோ மாட்டுத்தாவணியிலோ பஸ் போர்டை வாசிக்க முடியாது, ஆனால் அவருக்கு எண் தெரிகிறது, டவுன் பஸ் நம்பரை வைத்து ஏறலாம், முதல் சில தடவை நீங்கள் கூடப் போங்கள்.

தொழிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச காலத்துக்கு அவர் தனியாகப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுதியதைச் சரிபார்க்க முடியாதவர் எழுதின பத்திரத்தில் ஒரு 'கிழக்கு' 'மேற்கு' ஆனால் இரண்டு குடும்பம் பதினைந்து வருஷம் கோர்ட்டுக்கு அலையும். யாராவது முழுக்க வாசித்துக் காட்டாமல் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போடவும் கூடாது, சொந்தக்காரர் நீட்டினாலும் சரி. ஆனால் அவருக்கு அந்தத் தொழிலின் சட்டதிட்டம் அத்தனையும் தெரியும், நினைவு கெடவில்லை. ஒரு இளைய ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொல்ல, அந்த ஆள் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினால் முன்பு செய்ததில் பெரும்பகுதியை இப்போதே செய்யலாம். இதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட அவர் மதிக்கிற வேறொரு எழுத்தர் வந்து கேட்டால் நன்றாக இருக்கும்.

வாசிப்பு திரும்பி வருமா? பழைய வேகத்தில், பேப்பரை ஒரு பார்வையில் மேய்கிற மாதிரி வருமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு அப்படி வருவதில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். தலைப்பை வாசிப்பது, கடிதத்தை உட்கார்ந்து நிதானமாக வாசிப்பது, தன் கணக்கு நோட்டைத் தானே பார்ப்பது, இந்த அளவுக்குப் பலர் வந்திருக்கிறார்கள். முதல் ஆறு மாசத்தில் மூளை தானாகவே கொஞ்சம் சரிசெய்துகொள்ளும், அப்போது முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அதற்கப்புறம் கதவு சாத்திவிடும் என்பது மட்டும் தப்பு. பல வருஷம் கழித்துப் பயிற்சியை ஆரம்பித்தும் வாசிப்பு கூடியவர்கள் இருக்கிறார்கள். "இனி வராது" என்று ஐந்து மாசத்தில் ஒருவர் சொன்னதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டானிக் வேண்டாம். அறுந்த பாதையை ஒட்டுகிற டானிக் எதுவும் கிடையாது, அந்தப் பணத்துக்கு ஆட்டோ வைத்து அவரைத் தெரபிக்குக் கூட்டிவாருங்கள். வசதி இல்லையென்றால் அரசு இராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டி ஸ்பீச் தெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் எழுதுவார்கள், வாய் கோணாத பக்கவாதத்துக்கு ஸ்பீச் தெரபி எதற்கு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் சொன்னதெல்லாம் இந்த அப்பாவுக்கு, இந்த இடத்தில் அடிபட்டவருக்கு. வலது மூளையில் அடிபட்டுச் சொல்லின் இடது பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறவருக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அவர் 'கொடு' என்பதில் கொம்பை விட்டுவிட்டு 'காடு' என்று வாசிப்பார், 'பெண்' அவருக்கு 'பண்' ஆகிவிடும், சிவப்புக் கோட்டை அவருக்கு இடது ஓரத்தில் போட வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலையில் அடிபட்ட பையன்களில் சிலர் 'தம்பி' என்று எழுதியிருப்பதை 'அண்ணன்' என்று வாசிப்பார்கள், அது வேறு வகை, அங்கே பேச்சோடும் அர்த்தத்தோடும் சேர்த்து வேலை செய்ய வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள். இன்னொன்று, திடீரென்று வாசிக்க வரவில்லை, பாதிப் பார்வை தெரியவில்லை என்றால் அதுவும் பக்கவாதமாக இருக்கலாம், விடிந்து கண் டாக்டரிடம் போகலாம் என்று படுக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

தங்கச்சி, ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஸ்கேன் ஃபிலிமும் எடுத்துக்கொண்டு அப்பாவை ஒரு தடவை கூட்டிவாருங்கள். அவர் கையெழுத்தில் இருக்கிற பழைய பத்திர நகல் நோட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதுவரைக்கும் இன்றைக்கு ராத்திரியே ஒன்று செய்யலாம். அவரை ஒரு தாளில் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், எழுதியதும் தாளை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். காலையில் டீ குடித்த பிறகு அதைக் கொடுத்து, வாசிக்கச் சொல்லாமல், எழுத்தின் மேலேயே விரலை ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரை அவர் சொன்னாரா, எத்தனாவது எழுத்தில் சொன்னார் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.